‘அமைதி’ எனும் சொல்லுக்கு ஓர் உரை

அமெரிக்காவோடு அமைதி பூண்டுள்ள நாட்டின்மீது, அமெரிக்க மண்ணிலிருந்து எவரும் படையெடுப்புக்கு முனைவது குற்றம் என்பது 1794-ஆம் ஆண்டின் நடுநிலைமைச் சட்டம். நிக்கராகுவா அரசை எதிர்த்த காண்ட்ரா படையினருக்குத் துணைநின்ற சிலர்மீது இச்சட்டப்படி வழக்கு எழுந்தது. 1989-இல் புளோரிடா நீதிபதி நார்மன் ரோட்கர், விசாரணைக்கு முன்பே குற்றச்சாட்டைத் தள்ளினார். அமெரிக்க அரசே காண்ட்ராக்களை மறைவாக ஊக்கியமையால், அங்கு அமைதி நிலவவில்லை என்றார்.

சொற்பொருளளவில் இது செவ்விய உரையே; முரசறையாப் போரும் போரே. ஆயின், போர் அறிவிக்கும் உரிமை அந்நாட்டில் காங்கிரசுக்கே உரியது. அக்காங்கிரசோ, 1984-இல் காண்ட்ராக்களுக்குப் படையுதவி அளிப்பதைத் தடுத்திருந்தது. ஆட்சியாளர் மறைவில் குலைத்த அமைதி, தனியார்க்கும் கேடயமாயிற்று. காவல் மிக வேண்டிய வேளையிலேயே சட்டம் வாய் மூடியது. சொல்லுக்குப் பொருள் காண்போர் நூலின் கருத்தையும் காணல் வேண்டும்.