போர்த் திரைப்படங்களும் போர்வீரனின் உண்மையும்

போர்த் திரைப்படம் ஒன்றைக் கண்டு திரும்புவோர், போர்க்களத்தை உள்ளபடியே காட்டிவிட்டனர் என்று வியப்பதுண்டு. போர்க்களத்தைக் கண்டிராத நாம், திரையில் கண்டது உண்மை என எங்ஙனம் அறிகிறோம்? துயருறும் மாந்தருக்குச் செவிகொடுக்கும் பணியில் உள்ளோர் இவ்வினாவை எளிதாய்க் கடந்துவிடலாகாது.

1916ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தில் வெளியான 'சோம் போர்' என்னும் செய்திப்படத்தை மக்கள் பெருந்திரளாகக் கண்டனர். வீரர்கள் பதுங்குகுழியினின்று மேலேற, ஓரிருவர் சரிந்து விழ, ஏனையோர் முன்னேறிச் செல்லும் காட்சி அவர்களைப் பெரிதும் உலுக்கியது. ஆயினும் அக்காட்சி களத்திற்குப் பின்னால் நடித்துப் படமாக்கப்பட்டது என்பதே இன்று ஆய்வாளர் கொள்ளும் முடிவு. அப்போரின் முதல் நாளாகிய ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையினர் 19,240 பேர் மாண்டனர். அத்தாக்குதலை அருகில் நின்று படமெடுக்க அந்நாளைய பளுவான கருவிகள் இடந்தரவில்லை. ஆகவே, உண்மை போலத் தோன்றுவது வேறு, உண்மை வேறு என்பதை நாம் முதற்கண் நினைவிற்கொள்ள வேண்டும்.

1998இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'சேவிங் பிரைவேட் ரயன்' இத்துறையில் புதிய அளவுகோலாயிற்று. 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் நிகழ்ந்த தரையிறக்கத்தை அது ஏறத்தாழ 25 நிமிடங்கள் காட்டுகிறது. படக்கருவி வீரனோடு சேர்ந்து தடுமாறுகிறது, வண்ணங்கள் வெளிறியுள்ளன, குண்டுவெடிப்பில் தளபதியின் செவி மந்தமாகும்போது நமக்கும் ஓசை அடங்கிவிடுகிறது. முன்னாள் வீரர் பலர் இதனை மெய்யென ஒப்பினர். இச்சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடற்கரையைக் கடந்தபின், கதை வேறு வழியிற் செல்கிறது. ஓர் இளைஞனை மீட்கும் பணி அமைகிறது; அவனுக்காக மடிவோரின் சாவுக்குப் பொருள் கிடைக்கிறது. மணலை மிதிக்குமுன்னரே நீரில் மாண்டோருக்கு அத்தகைய பொருள் எதுவும் கிட்டவில்லை. படத்தின் முற்பகுதி எழுப்பிய கேள்வியைப் பிற்பகுதி அமைதிப்படுத்திவிடுகிறது.

லூயிஸ் மைல்ஸ்டோன் 1930இல் இயக்கிய 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரண்ட்' படத்தின் போர்க்காட்சிகள் இன்று பழமையாகத் தோன்றலாம். எனினும் குண்டு விழுந்த பள்ளம் ஒன்றில், ஜெர்மானிய இளைஞன் பால், தான் குத்திய பிரெஞ்சு வீரனோடு இரவைக் கழிக்கும் காட்சியை நோக்குவோம். அவனுக்கு நீர் கொடுக்கிறான். அவன் இறந்தபின்னும் மன்னிப்பை இரந்து நிற்கிறான். அவனுடைய மனைவி, மகள் ஆகியோரின் படத்தைக் காண்கிறான். மன்னிக்க வேண்டியவன் பேச மாட்டான். போர்வீரன் பிறரால் காயப்படுகிறவன் மட்டுமல்லன், பிறரைக் கொல்லுகிறவனுமாவான் என்னும் உண்மையை இக்காட்சி மறைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் நாஜிகள் இப்படத்தின் காட்சியைக் குலைத்தனர். சில நாட்களில் அங்கு அது தடைசெய்யவும்பட்டது.

இதனினும் எண்ணத்தக்கது ஜான் ஹூஸ்டன் அமெரிக்க இராணுவத்திற்காகவே 1946இல் முடித்த 'லெட் தேர் பி லைட்' என்னும் ஆவணப்படம். அதன் பெயர் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தினின்று எடுக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்து இராணுவ மருத்துவமனையில் மனமுடைந்த வீரர்களை அது காட்டுகிறது. அவர்கள் நடிகரல்லர். ஒருவனுக்குப் பேச்சு எழவில்லை. ஒருவனால் நடக்க இயலவில்லை. இராணுவம் இதனைப் பொதுமக்கள் காணவொட்டாது தடுத்தது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதே காரணம் எனப்பட்டது. 1980களின் தொடக்கத்தில்தான் தடை நீங்கிற்று. இப்படத்திலும் குறையுண்டு: வாரக்கணக்கில் எல்லாரும் நலம்பெற்று வீடு திரும்புவதுபோல் முடிகிறது. எனினும் வெடியோசை அடங்கியபின் வீரன் சுமப்பது யாது என்பதை இத்துணை நேராகக் காட்டிய படங்கள் சிலவே.

எனவே, குருதியின் அளவைக்கொண்டு ஒரு போர்ப்படத்தை மெய்யென்று தீர்ப்பது போதாது. தான் செய்ததோடும் கண்டதோடும் வீரன் தொடர்ந்து வாழவேண்டியிருப்பதை அது காட்டுகிறதா என்றே நாம் வினவ வேண்டும். போரினின்று திரும்பிய ஒருவர் நம் சபையில் அமர்ந்திருக்கக்கூடும். படங்களைக் கண்டதனால் அவருடைய நிலையை அறிந்துவிட்டோம் என்று நாம் எண்ணுவோமாயின், அவர் பேசத் தொடங்குமுன்னரே நம் செவியை அடைத்தவர்களாவோம்.