கேள்விக்குறியில் முடியும் கீதம்

ஒலிம்பிக்ஸில் அமெரிக்கர் யாராவது தங்கம் வாங்கினால் ஒரு மெட்டு ஒலிக்கும், கேட்டிருப்பீர்கள். அதன் வரிகளை ஒருமுறை தேடிப் படித்துப் பாருங்கள். நான்கு சரணங்களில் எல்லோரும் பாடுவது முதல் சரணம் மட்டுமே. அது கேள்வியில் ஆரம்பித்து கேள்வியிலேயே முடிகிறது. கொடி இன்னும் பறக்கிறதா, இல்லையா? பதில் இரண்டாவது சரணத்தில் இருக்கிறது. அதை யாரும் பாடுவதில்லை!

எழுதியவர் பிரான்சிஸ் ஸ்காட் கீ. 35 வயது வக்கீல். 1814 செப்டம்பரில், பிரிட்டிஷ் படை பிடித்து வைத்திருந்த ஒரு டாக்டரை மீட்கப் போனார். தாக்குதல் திட்டம் தெரிந்துவிட்டதால் அவரையும் திருப்பி அனுப்பவில்லை. பால்டிமோர் கோட்டைமீது சுமார் 25 மணி நேரம் குண்டு பொழிந்ததைக் கப்பலிலிருந்தே பார்த்தார். விடிந்ததும் கொடியைத் தேடினார். இருந்தது. எழுதிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த யுத்தமே வேண்டாம் என்று நினைத்தவர் கீ.

அவர் தனி ஆள் இல்லை. 1812 ஜூனில் யுத்தத் தீர்மானம் கீழ்சபையில் 79-க்கு 49, செனட்டில் 19-க்கு 13 என்றுதான் தேறியது. ஃபெடரலிஸ்ட் கட்சியில் ஒருத்தர்கூட ஆதரிக்கவில்லை. சுதந்திரப் பிரகடனம் செய்து 36 வருஷமே ஆன தேசம் நடுவில் பிளந்து நின்றது.

அதே பால்டிமோரில் என்ன நடந்தது தெரியுமா? யுத்தத்தை எதிர்த்து எழுதிய 'ஃபெடரல் ரிபப்ளிகன்' பத்திரிகையின் அச்சகத்தை ஒரு கும்பல் இடித்துத் தள்ளியது. ஆசிரியர் ஹான்சனையும் நண்பர்களையும் பாதுகாப்புக்காகச் சிறையில் வைத்தார்கள். கும்பல் சிறைக்குள்ளேயே புகுந்து அடித்தது. ஜெனரல் லிங்கன் என்பவர் செத்தே போனார். சுதந்திரப் போரில் சண்டை போட்ட மனுஷர்! தேசபக்தியின் பெயரால் தேசபக்தரைக் கொன்றார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. மாஸசூசெட்ஸ், கனெக்டிகட் கவர்னர்கள் தங்கள் படைகளை மத்திய அரசிடம் ஒப்படைக்க மறுத்தார்கள். ஃபெடரலிஸ்ட்கள் 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடிக் கோரிக்கைகள் தயாரித்தார்கள். அதை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போனால், சமாதானச் செய்தியும் நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் வந்துவிட்டன. துரோகி முத்திரை விழுந்தது. கட்சி அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

கவிதையாகப் பார்த்தால் கீயின் பாட்டு சுமார்தான். அடைமொழிகள் அதிகம். மெட்டு லண்டன் கிளப் ஒன்றின் பாட்டிலிருந்து கடன் வாங்கியது, அதாவது எதிரியின் மெட்டு! சுதந்திர பூமி என்று பாடியவர் அடிமைகளை வைத்திருந்தார். மூன்றாவது சரணம் அதனாலேயே இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனாலும் அந்த முதல் சரணம் நிற்கிறது. காரணம், அதிலுள்ள பதற்றம் நிஜமானது. யுத்தத்தை வேண்டாம் என்றவன், ராத்திரி முழுக்கத் தூங்காமல் தன் கொடியைத் தேடுகிறான். அரசாங்கத்தை எதிர்ப்பதும் தேசத்தை நேசிப்பதும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1931-ல் அது தேசிய கீதமானது. அடுத்த முறை யாரையாவது தேசத் துரோகி என்று திட்டத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். நாளைக்கு நீங்கள் எழுந்து நின்று பாடப்போகும் பாட்டை அவர் எழுதிக்கொண்டிருக்கலாம்.