மேடையை விட்டவரின் பாட்டு

பிரெஞ்சுப் பாடகியும் பாடலாசிரியருமான பிரான்சுவாஸ் ஆர்டி 2024 ஜூன் 11 அன்று தமது 80ஆம் வயதில் மறைந்தபோது, நான் படித்த அஞ்சலிகளில் பாட்டைவிடப் படம்தான் அதிகம் பேசப்பட்டது. நெற்றியில் விழும் கூந்தல், உடையமைப்பாளர் பாக்கோ ரபானின் உலோக உடை, 1964இல் பாப் டிலன் தம் இசைத்தட்டின் பின்னட்டையில் அவரை விளித்து எழுதிய கவிதை, மிக் ஜாகரின் வியப்பு. ‘அறுபதுகளின் முகம்’ என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்ற நினைப்பு. 1962 முதல் 2018 வரை பாடல் எழுதியவரின் கணக்கில் முதல் ஆறாண்டுகளை மட்டும் வரவு வைப்பது, பாகப்பிரிவினையில் மூத்தவர் செய்யும் தந்திரத்தைப் போன்றது. பத்திரம் சுத்தமாக இருக்கும், நிலம் கைமாறியிருக்கும்.

அந்த ஆறாண்டுக் கதை ஊரறிந்தது. 1944இல் பாரிஸில் பிறப்பு, எப்போதாவது வந்துபோகும் தந்தை, தனியாளாக வளர்த்த தாய், பள்ளியிறுதித் தேர்வில் தேறியதற்குப் பரிசாக ஒரு கிடார், 1961இல் வோக் இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம். 1962 அக்டோபர் 28 அன்று, குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பற்றிய பொதுவாக்கெடுப்பின் முடிவுக்காக நாடு தொலைக்காட்சி முன் காத்திருந்த இரவில், அவருடைய ‘தூ லே கார்சோன் ஏ லே ஃபீய்’ பாடல் ஒளிபரப்பானது. அதன்பின் புகழைத் தேட வேண்டியிருக்கவில்லை. யேயே எனப்பட்ட பிரெஞ்சு இளைஞர் பாப் அலையின் மற்ற நட்சத்திரங்கள் அமெரிக்க மெட்டுகளுக்குப் பிரெஞ்சு வரிகளை ஒட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது, 18 வயதுப் பெண்ணொருவர் தம் முதல் தட்டின் பாடல்களில் பெரும்பாலானவற்றைத் தாமே எழுதியிருந்தார். 1963 யூரோவிஷனில் மொனாக்கோவுக்காகப் பாடியதும் அவருடைய சொந்தப் பாடலே. அலையைப் பற்றி எழுதுகிறவர்கள் தாண்டிப்போகும் செய்தி இதுதான்.

1968இல் ‘கோமான் தெ தீர் அதியே’ வந்தது. ஆங்கிலப் பாடல் ஒன்றின் மெட்டுக்குப் பாடலாசிரியர் செர்ழ் கேன்ஸ்பூர் எழுதிய வரிகள். சொற்களை ‘எக்ஸ்’ ஒலியில் முறித்து இயைபாக்கும் சாமர்த்தியம் இன்றும் புகழப்படுகிறது. அதில் நமக்குக் கேட்பது கேன்ஸ்பூரின் கெட்டிக்காரத்தனம். ஆர்டி அங்கே விருந்தாளி. பின்னாளில் நோபல் பெற்ற பத்ரிக் மோதியானோவும் அதே காலத்தில் இளைஞராக அவருக்குப் பாட்டெழுதியிருக்கிறார் என்பது இலக்கியவாதிகள் மகிழத் தக்க தகவல். ஆனால் அவ்வாண்டின் முக்கியமான நிகழ்வு இவை எதுவுமில்லை. ஆர்டி கச்சேரி மேடையை விட்டு விலகினார்.

பிரெஞ்சுப் பாடல் மரபை நாம் மேடையால் அளந்து பழகிவிட்டோம். பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் வியர்வை சொட்ட நின்ற ழாக் பிரெல், பியானோவின் முன் கறுப்புடையில் பார்பரா, கர்ஜிக்கும் லியோ ஃபெரே. பாடலாசிரியர் தம் உடம்பைப் பார்வையாளர் முன் செலவழித்தால்தான் பாட்டு உண்மையானது என்பது இந்த அளவுகோலின் எழுதாத விதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெலும் 1967இல் கச்சேரிகளை நிறுத்தினார். அது துறவாகக் கொண்டாடப்பட்டது. அடுத்த ஆண்டு ஆர்டி நிறுத்தியபோது கூச்ச சுபாவம் என்றார்கள். மேடை அச்சம் அவருக்கு இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அச்சமாக இருந்தாலும் விளைவு அழகியல். கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியதும் அவர் எழுத்து மாறியது.

அந்த மாற்றத்தின் முழு உருவம் 1971இல் வந்த ‘லா கெஸ்தியோன்’ இசைத்தட்டு. வோக்கிலிருந்து விலகித் தம் சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தில் செய்தது. துணை, பாரிஸில் வாழ்ந்த பிரேசில் இசைக்கலைஞர் தூக்கா. ஒரு கிடார், ஒரு டபுள் பாஸ், பிறகு சேர்த்த நரம்பிசை. தாளக் கருவி ஏறக்குறைய இல்லை. அடித்தளம் இல்லாத இடத்தில் குரல் தானே காலத்தைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. மைக்கின் அருகே, மூச்சின் விளிம்பில் பாடுகிறார். வீச்சு குறைந்த குரல் என்று அதுவரை குறையாகச் சொல்லப்பட்டது இங்கே வடிவமாகிவிட்டது. தலைப்புப் பாடல், புரிந்துகொள்ள முடியாத ஓர் ஆணிடமிருந்து விலகவும் முடியாதவளின் தர்க்கம். இதைக் காதல் புலம்பல் என்பது சோம்பேறிக் காது. புலம்பலில் கேள்வி இருக்காது. இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பதில் வராது என்று தெரிந்தும். தட்டு விற்கவில்லை. தூக்கா 1978இல் மறைந்தார். இன்று அந்தத் தட்டைப் போற்றாதவர் இல்லை.

1973இல் பாடலாசிரியர் மிஷேல் பெர்ழேயுடன் ‘மெஸாழ் பெர்சொனெல்’ வந்து மீண்டும் வெற்றி தந்தது. மெட்டும் பாடும் வரிகளும் பெர்ழேயுடையவை. தொடக்கத்தில் பேச்சாக வரும் பகுதி ஆர்டி எழுதியது. பாட்டு நினைவில் நிற்பது அந்தப் பேச்சால்தான். எழுபதுகளின் இறுதியில் இசையமைப்பாளர் கேப்ரியல் யாரெதுடன் செய்த தட்டுகளை, பளபளப்பும் நடனத் தாளமும் வயதாகிப்போனவை என்று சொல்லித் தாண்டலாம். 1988இல் ‘தெகலாழ்’ கடைசித் தட்டு என்று அறிவித்தார். அறிவிப்பு பொய்த்தது நம் நல்லூழ்.

1996இன் ‘லெ தாஞ்ஜே’ பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்? 52 வயதில், இசைக்கலைஞர்கள் அலென் லுப்ரானோவும் ரொதோல்ஃப் பூர்ஜேயும் தந்த கரடுமுரடான மின்கிடார் ஒலிக்குள் போய் நின்றார். 1971இல் மென்மையாகக் கேட்ட அதே கேள்விகள் இங்கே பற்கடிப்போடு வருகின்றன. யேயே ஏக்கத்தை விற்றுப் பிழைக்க எல்லா வாய்ப்பும் இருந்தவர், தம் பழைய ரசிகர்களை நெளிய வைக்கும் தட்டைத் தந்தார். புற்றுநோய் தெரியவந்த 2004இல் எழுதிய ‘தான் த பெல் ஷோஸ்’ சாவை நேராகப் பார்த்து அவருடைய மகனிடம் பேசுகிறது. கண்ணீரைக் கேட்டு வாங்கவில்லை. 2006இல் பிரெஞ்சு அகாதெமி பாடலுக்கான தன் பெரும் பதக்கத்தை அவருக்கு அளித்தது. 2018இல், 74 வயதில், கடைசித் தட்டு.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒரே பொருளை விடாமல் எழுதியவர் தெரிகிறார்: நேசிக்கப்படுகிறோமா என்பதன் உறுதியின்மை. முதல் பாடலில் அது ஒரு பதின்பருவப் பெண்ணின் குறை, ‘லா கெஸ்தியோனி’ல் அறிதலின் சிக்கல், 2004இல் விட்டுச்செல்கிறவரின் அக்கறை. முன்னால் கூட்டம் இருந்திருந்தால் இந்த வளர்ச்சி நடந்திருக்காது. கூட்டத்துக்கு முதல் பாடலே போதும், அதையே மறுபடி கேட்கும். எனவே பிரெஞ்சுப் பாடல் வரலாற்றை எழுதுகிறவர்கள் மேடைக்கு ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒன்று என இரு கிளைகளை ஏற்க வேண்டும். இரண்டாம் கிளையில் ஆர்டி முதல் வரிசைக்காரர். அவரை 1962இலிருந்து கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் அழகி கிடைப்பாள். 1971இலிருந்து முன்னும் பின்னும் கேட்கிறவர்களுக்கு ஓர் எழுத்தாளர் கிடைப்பார்.