மனத்தில் காத்த மடல்: அன்னா லாரினாவின் தன்வரலாறு

மனனம் செய்தல் சிந்தனைக்குப் பகையென்று இக்காலக் கல்வியாளர் சிலர் கூறுவர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மாணவரைச் செய்யுள் ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டிருந்த நாள்களில் எனக்கும் அந்த ஐயம் இருந்தது. பொருளுணராது சொல்லைச் சுமப்பதால் யாது பயன்? உருசியப் பெண்மணி ஒருவரின் தன்வரலாறு அந்த ஐயத்தை அசைத்தது. வேறோர் ஐயத்தை எழுப்பியும் விட்டது. அன்னா லாரினா எழுதிய அந்நூல் 1988-இல் உருசிய மொழியில் வெளிவந்தது. 1993-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பெற்றது. அதன் ஆங்கிலத் தலைப்பை 'என்னால் மறக்க இயலாதது' எனத் தமிழில் கூறலாம்.

அன்னா 1914-இல் பிறந்து, புரட்சியாளர் இல்லத்தில் வளர்ந்தவர். லெனினின் அணுக்கத் தோழருள் ஒருவரான நிக்கோலாய் புகாரினை 1934-இல் மணந்தார். ஸ்டாலினின் சினத்துக்கு இலக்கான புகாரின், தாம் சிறைப்படப்போவது உறுதியென அறிந்ததும், வருங்காலக் கட்சித் தலைவர்களை விளித்து ஒரு மடல் வரைந்தார். தாளில் இருந்தால் அது காவலர் கையில் சிக்கும். ஆகவே இருபத்து மூன்று வயது மனைவியை அதனைச் சொல் பிசகாது ஒப்புவிக்கச் செய்தார். பின் தாளை அழித்தார். 1937 பிப்ரவரியில் கைதான அவர் 1938 மார்ச்சு 15-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அன்னாவோ ஓராண்டே நிரம்பிய மகன் யூரியைப் பிரிந்து, சிறை, முகாம், நாடுகடத்தல் என ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்தார்.

இதனைத் துன்பக்கதையாக மட்டும் படிப்போர் நூலின் உயிர்நிலையைத் தவறவிடுவர். காவலரின் கொடுமையும் பசியும் குளிரும் நூலில் உள. ஆயின் நூலை நடத்திச் செல்வது அந்த மடலே. அறையின் இருளில் அதனை மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்க்கிறார். சொல்லில் ஒன்று நழுவினும் கணவர் இரண்டாம் முறை இறந்தவராவார் என்பதே அவர் அச்சம். தாமே கவிதைகள் புனைந்து அவற்றையும் மனத்திலேயே வைத்துக்கொள்கிறார். பிற்காலத்தில் சிலமுறை மடலைத் தாளில் எழுதுகிறார். எழுதியதை அஞ்சி எரிக்கிறார். ஓலைச்சுவடியைக் கறையான் அரித்த கதை நமக்குப் பழக்கம். இங்குச் சுவடியே ஒரு பெண்ணின் மனம். கறையானோ ஓர் அரசு.

நூலின் அமைப்பும் இதற்கு இயைந்ததே. பிறப்பில் தொடங்கி முறையாக வளரும் தன்வரலாறு அன்று இது. முகாமில் தொடங்கி, இளமைக்குத் தாவி, விசாரணை அறைக்கு மீண்டு, மறுபடியும் மாஸ்கோவின் வீட்டுக்குச் செல்கிறது. கால ஒழுங்கு குன்றியதெனக் குறை கூறுவாரும் உளர். அறையில் அடைபட்டவரின் நினைவு நாட்காட்டியைப் பின்பற்றிச் செல்லாது என்பதை அவர்கள் எண்ணவில்லை.

நூலின் உச்சம் 1956-இல் நிகழ்கிறது. வேறு கைகளில் வளர்ந்து, தந்தை இன்னாரென்றே அறியாத இருபது வயது யூரி, சைபீரியாவில் தாயைக் காண வருகிறான். அப்பெயர் மகனின் வாழ்வுக்குச் சுமையாகுமோ என அஞ்சும் தாய் அதனைச் சொல்ல நாத்தயங்குகிறார். மகனையே ஊகிக்கச் செய்கிறார். அவன் சரியாகவே ஊகித்துவிடுகிறான். உணர்ச்சிப் பெருக்குக்கு இடமளிக்கக்கூடிய இக்காட்சியை அன்னா அடக்கிச் சொல்லியிருப்பது நோக்கத்தக்கது. நம் புதினங்களில் இத்தகைய இடத்தில் ஒரு பக்கமேனும் கண்ணீர் ஓடியிருக்கும்!

விடுதலைக்குப் பிந்திய வாழ்வைப் பற்றி நூல் சொல்வன மிகச் சிலவே. இது எனக்குக் குறையாகவே படுகிறது. 1961-இல் அன்னா மடலைக் கட்சிக்குக் கையளித்தார். புகாரின் குற்றமற்றவரென உச்சநீதிமன்றம் 1988 பிப்ரவரியில்தான் அறிவித்தது. மகனைக் கண்ட ஆண்டு தொட்டுக் கணக்கிட்டால் முப்பத்திரண்டு ஆண்டுகள். சிறை மீண்டவர் அந்நாள்களில் அயலாரோடு எவ்வாறு பழகினார், எவர் வாயிற்கதவைச் சாத்தினார் என்பனவற்றை அறிய விழைவோர்க்கு நூல் போதிய விடை தருவதில்லை.

இனி, நான் குறித்த இரண்டாம் ஐயத்துக்கு வருகிறேன். அத்துணை இடர்பட்டுக் காத்த மடல் யாது கூறுகிறது? தாம் குற்றமற்றவர் என்கிறது. ஏழாண்டுகளாகக் கட்சியோடு தமக்குக் கருத்து வேறுபாடே இல்லை என்கிறது. இரகசியக் காவல் அமைப்பு தொடக்கத்தில் பெருமைக்குரியதாயிருந்தது, பின்னரே சீர்கெட்டது என்கிறது. உண்மையில் எதிர்த்திருந்தால் ஒருவனைக் கொல்லலாமா என்னும் வினா அம்மடலில் எழவே இல்லை. புகாரினுக்கு முன்னரே அதே அமைப்பின் கையில் மாண்டோர் பலர். அவர் அதிகாரத்தில் இருந்தபோதே மாண்டோரும் அவருள் அடங்குவர். அவர்களுக்காக மடலை மனனம் செய்தவர் எவருமில்லை. அன்னாவின் அன்பு ஒரு சொல்லையும் நழுவவிடவில்லை. ஒரு சொல்லையும் வினவவும் இல்லை. மனனத்தின் ஆற்றலும் எல்லையும் அதுவே எனத் துணிகிறேன்.

அவ்வினாவைத் தமிழில் எழுப்பிய படைப்பு ஒன்று உண்டு. ஜெயமோகனின் 'பின் தொடரும் நிழலின் குரல்' (1999) புகாரினின் வீழ்ச்சியை நாஞ்சில்நாட்டுத் தொழிற்சங்கச் சூழலோடு பிணைக்கிறது. கட்சியால் ஒதுக்கப்பட்டுப் பெயரே அழிக்கப்பட்ட வீரபத்ரபிள்ளையின் தாள்களைத் தொழிற்சங்கத் தலைவன் அருணாசலம் தேடிப் படிக்கிறான். படித்தபின் அவனால் பழைய அருணாசலமாக இருக்க இயலவில்லை. நெடிய வாதங்கள் சிலவிடத்துச் சோர்வு தரினும், நினைவைக் காப்பதோடு நில்லாது அதனை விசாரிக்கவும் செய்கிறது அப்புதினம்.

நம் மண்ணிலும் அழிந்த பெயர்கள் உள. அங்கே கட்சியாட்சி செய்ததை இங்கே காலனியாட்சி செய்தது. இரண்டும் ஒன்றென்று கூறேன். கிள்ளான் வட்டாரத் தோட்டப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 1941-இல் நாடுகடத்தப்பட்டார். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அச்சிறை இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது.

அன்னாவின் நூலைப் படித்த ஆண்டில் கிள்ளானில் ஒரு மூதாட்டியைக் கண்டேன். 1941 போராட்டத்தில் தம் தந்தை பட்ட அடிகளை, நாள், இடம், உடனிருந்தோர் பெயர் என ஒன்றும் விடாமல் அவர் சொன்னார். கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்தவை. குறித்துக்கொள்ளலாமா என்று ஏட்டைத் திறந்தேன். அவர் சற்றே வாயிற்பக்கம் நோக்கிவிட்டு, "எழுதி வச்சா அப்பாவுக்கு ஒண்ணும் தொல்லை வராதுங்களா, வாத்தியாரே?" என்றார்.

தந்தை காலமாகி அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.