அரிவரியும் அம்பாப் பாட்டும்

குழந்தை எழுத்தறியாமல் பள்ளிக்கு வருகின்றது, மொழியறியாமல் வருவதில்லை. இவ்வெளிய உண்மையை நமது அரிவரிப் புத்தகங்கள் மறந்தன. மக்கள் மொழிக்காக வாதாடிய நமது முற்போக்கு இலக்கியமும் மறந்தது. முன்னது மறந்ததில் வியப்பில்லை. பின்னது ஏன் மறந்தது என்பதே ஆராயத் தக்கது.

1960-களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை வாசகர் அறிவர். உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதுவது ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்தபோது, க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோர் அப்பழிப்பை எதிர்த்து நின்றனர். பேச்சுத் தமிழ் சிறுகதையில் வென்றது, நாவலிலும் வென்றது. ஆனால், தொழிலாளியின் பிள்ளை கையில் எடுக்கும் முதற் புத்தகத்துக்காக நாம் அவ்வாறு போராடவில்லை. வளர்ந்தவர்க்கு வென்று கொடுத்த உரிமையைக் குழந்தைக்கு வென்று கொடுக்க மறந்தோம்.

இம்மறதியின் விலையை அறியப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை நோக்குவோம். சிலாபத்துக்கு வடக்கே உடப்பு, இந்துத் தமிழ் மீனவரின் கிராமம். அதற்கும் வடக்கே, களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டியில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பரம்பரையாக வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்ததும் இம்மாவட்டத்திலேதான். வீடும் நிலமும் இழந்து வந்த அத்தாய்மார் தம் பிள்ளைகளுக்குத் தரக்கூடியதாய் எஞ்சியிருந்த உடைமைகளில் ஒன்று அவர்களுடைய பேச்சு.

‘கரையோரத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்பது நம்மிடையே பழகிப்போன வசனம். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து 1859-ல் நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807-ல் கற்பிட்டியிற் பிறந்தவர். மண்ணிற் குறையில்லை. காசிச்செட்டிக்குக் கிட்டிய வாய்ப்பு தோணிக்காரன் பிள்ளைக்குக் கிட்டாததே குறை.

விஞ்ஞானம் இதுபற்றிக் கூறுவது யாது? மனித மூளை ஐந்து, ஆறு வயதுக்குள் தன் முழுப் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை எய்திவிடுகின்றது. பேசுவதற்குரிய ஆற்றலை மூளை பிறப்பிலேயே கொண்டுள்ளது. வாசிப்பதற்கென்று அதில் தனி உறுப்பு கிடையாது. எழுத்துத் தோன்றி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன; உடல் அதற்கேற்ப மாற அக்காலம் போதாது. ஆகவே, முகங்களையும் பொருள்களையும் கண்டறியும் இடப்பக்கப் பகுதி ஒன்று, பயிற்சியினால் எழுத்தைக் கண்டறியப் பழகுகின்றது என்பர் பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்தானிஸ்லாஸ் தெஆன் முதலியோர். கண் கண்ட அவ்வெழுத்து, காது முன்பே சேர்த்துவைத்த ஒலியோடும் பொருளோடும் இணையும்போதுதான் வாசிப்பு பிறக்கின்றது. கேட்ட மொழி வேர். வாசிக்கும் மொழி கிளை.

இவ்விஞ்ஞானத்தையும் வர்க்கக் கண்ணாடி அணிந்து படிப்போர் உளர். 1995-ல் ஹார்ட், ரிஸ்லி என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், கான்சாஸ் மாநிலத்தில் 42 குடும்பங்களை ஆராய்ந்து, ஏழைக் குழந்தை நான்கு வயதுக்குள் வசதி படைத்த குழந்தையைவிட 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கின்றது என்று கணக்கிட்டனர். ஏழைத் தாயின் வாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இக்கணக்கு பலருக்கு உதவிற்று. ஆனால் 2019-ல் வெளிவந்த மறு ஆய்வொன்று, குழந்தையைச் சூழ்ந்திருப்போர் அனைவரின் பேச்சையும் கணக்கிற் சேர்த்தால் அத்தகைய பிளவு தோன்றவில்லை என்று காட்டியது. சொற்களின் தொகையைவிடக் குழந்தையோடு மாறி மாறி உரையாடுவதே மூளையின் மொழிப்பகுதியைத் தூண்டுகின்றது என்பது 2018-ல் வெளியான இன்னோர் ஆய்வின் முடிவு. அப்படியாயின் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் பகலெல்லாம் உழைக்கும் தாய்க்குத் தன் பிள்ளையோடு உரையாட நேரத்தை விட்டுவைத்திருப்பவர் யார்?

இக்கரை மொழிவறுமை கொண்ட கரையன்று. உடப்பிலே கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டுப் பாடுவர். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாட, எதுகையும் தாளமும் கயிற்றோடு சேர்ந்து இழுபடும். பாரதக் கதையைத் தழுவிய திரௌபதை அம்மன் விழா அவ்வூரின் ஆண்டுப் பெருவிழா. 1983-ல் பிராட்லி, பிரையன்ட் என்னும் ஆங்கில ஆய்வாளர், பள்ளி புகுமுன் எதுகை மோனைகளைப் பிரித்துணரும் குழந்தைகள் பின்னர் வாசிப்பிலும் முன்னிற்பதைக் கண்டு எழுதினர். அவர்கள் கூறிய செவிப்பயிற்சி உடப்புக் குழந்தைக்குக் கூலியின்றிக் கடற்கரையிலேயே கிடைக்கின்றது. அதை வாசிப்புக்குரிய முதலீடாக நாம் எண்ணியதில்லை.

மாறாக, நமது அரிவரி மரபு அட்டவணையில் தொடங்குகின்றது. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் 19ஆம் நூற்றாண்டின் அரும்பணி. அச்சிட்ட ஏட்டைச் சிறுவர் கைக்குக் கொண்டுவந்தவை. ஆயினும் அவற்றின் நோக்கம் அறமும் சமயமும் போதிப்பது. குழந்தையின் பேச்சை ஏற்பதன்று. அந்நோக்கத்தின் நிழல் இன்னும் நீங்கவில்லை. கற்பிட்டிக் குழந்தை உம்மா, வாப்பா என்று அழைத்துப் பழகியது. ஏடோ ‘அ’வுக்கு அம்மா, அப்பா என்கின்றது. தன் வீட்டுச் சொல் ஏட்டில் இடம்பெறத் தகுதியற்றது என்பதே அக்குழந்தை கற்கும் முதற் பாடமாகின்றது. அதன்பின் 247 எழுத்துகள். தமிழைப் போன்றே உயிர்மெய் எழுத்துகள் நிறைந்த கன்னடத்தில் சொனாலி நாக் நடத்திய ஆய்வுகள், அவ்வெழுத்துகளை முழுதும் கைவசப்படுத்த நான்காம் வகுப்பு வரைகூடச் செல்லலாம் எனக் காட்டுகின்றன. நாமோ முதலாம் வகுப்பிலேயே தீர்ப்பு எழுதி, பிள்ளையைப் பின்வாங்கில் அமர்த்துகின்றோம்.

செந்தமிழ் வேண்டாம் என்பதன்று நம் வாதம். பொதுத் தமிழ் மறுக்கப்பட்ட பிள்ளை தன் கரையிலேயே சிறைப்படும். கரையின் பேச்சைப் படிக்கட்டாக்கி ஏட்டுத் தமிழுக்கு ஏற்றுக என்பதே வாதம்.

படிக்கட்டு இல்லாதபோது நேர்வதை இதே கரையின் தென்பகுதி காட்டுகின்றது. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை, கத்தோலிக்க மீனவர் பலரின் வீட்டுமொழி ஒருகாலத்தில் தமிழே. 20ஆம் நூற்றாண்டில் தேவாலயத்திலும் பள்ளியிலும் சிங்களம் இடம்பெற்றது. சிங்களம் கற்றது குற்றமன்று. அது அயலவரின் மொழி, கற்கவேண்டிய மொழி. ஆனால் தமிழ் முதலில் ஏட்டை விட்டது. பின்னர் பல வீடுகளையும் விட்டது. இன்றும் தமிழ் பேசும் மீனவர் அங்கு உளர்; அவர்களிற் பலரால் தம் பேச்சை எழுத்தில் வாசிக்க இயலாது.

1945-ல் கன்னங்கரா வென்றெடுத்த இலவசக் கல்வி நம் நாட்டின் பெருமை. அது ஐந்து வயது நிரம்பிய பின்பே குழந்தையின் கையைப் பிடிக்கின்றது. அதற்கு முந்திய ஆண்டுகள், மூளை மிக விரைந்து வளரும் ஆண்டுகள், பெரும்பாலும் தனியாரும் சமய, தொண்டு நிறுவனங்களும் நடத்தும் முன்பள்ளிகளின் பொறுப்பில் உள்ளன. பலவற்றிற் கட்டணமும் உண்டு. இலவசக் கல்வியின் முதற் படி இன்னும் கட்டப்படவில்லை. அதைக் கட்டுமாறு அரசைக் கேட்பது ஆசிரியர் சங்கங்களின் கடமை.

எழுத்தாளரின் கடமை அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கரையோரத்துத் தாலாட்டு, நொடி, அம்பாப் பாட்டு ஆகியவற்றைத் தொகுத்துச் சிறுவருக்கேற்றதாக்கி, உம்மாவும் வாப்பாவும் தோணியும் களப்பும் இடம்பெறும் மலிவான சிறு நூல்களாக்க வேண்டும். மக்கள் மொழிக்கு இலக்கியத்தில் இடம் பெற்றுத் தந்தோம் என்னும் நமது பெருமை, அம்மொழியைப் பேசும் குழந்தை அதனைத் தன் முதற் புத்தகத்தில் வாசிக்கும் நாளிலேதான் நிறைவுறும்.