வாவியைத் தொடாத தண்டவாளம்

வீட்டில் இடமில்லையா, துறைமுகத்தைக் கட்டு என்பது மொடல் ரயில்காரரிடையே நெடுங்காலமாகப் புழங்கும் யோசனை. நாட்டுப்புற ஸ்டேஷன் ஒன்றை அளவோடு செய்ய ஒரு மண்டபமே வேண்டும். லிவர்ப்பூல், பிரிஸ்டல் போன்ற ஊர்களின் துறைமுகப் பாதைகளுக்கு ஆறடிப் பலகை போதும். பின்னால் கிட்டங்கிச் சுவர், முன்னால் தண்ணீர், இடையில் கல் பாவிய தெருவுக்குள் புதைந்த தண்டவாளம், நாலு சில்லு வாகன்கள், குட்டி எஞ்சின். பலகை முடியும் இடத்தில் ஒரு மேம்பாலத்தை வைத்தால் கோச்சி எங்கே மறைகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

விளையாட்டுச் சுவையும் குறைவில்லை. அலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அமைத்த 'இங்கிள்நூக்' என்ற திட்டத்தில் மூன்றே பக்கப்பாதைகள்: ஒன்றில் ஐந்து வாகன்கள் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் எட்டு வாகன்கள். அவற்றில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி வந்த வரிசைப்படி கோத்து நிறுத்தவேண்டும். 6,720 விதமான வரிசைகள் வரலாம். ஒரு மழைநாள் மாலை முழுக்க எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்கலாம். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு வேலை தரும் வேறு திட்டம் எனக்குத் தெரியாது.

இதை மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கொண்டுவரலாமா? தண்ணீரும் உண்டு, ரயிலும் உண்டு, ஒல்லாந்தர் கோட்டையும் உண்டு. வேறென்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும்.

சிக்கல் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அது புளியந்தீவுக்குள் போகவில்லை. தீவுக்கு வடக்கே, நிலப்பக்கத்திலேயே நின்றுவிட்டது. கச்சேரியும் கோட்டையும் பழைய கடைத்தெருவும் பாலத்துக்கு அப்பால். அதற்கு முந்திய காலத்திலும் கப்பல் வந்து அணையும் துறைமுகமாக ஊர் இருந்ததில்லை. முகத்துவாரத்து மணல்மேடு கப்பலை உள்ளே விடாது. கப்பல் கடலிலே நங்கூரமிடும், சாமான் படகில் வரும். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவிக்குள் போக்குவரத்தைச் சுமந்தவை தோணியும் வள்ளமும், கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் இணைத்த, 'பாதை' எனப்படும் மிதவைகளும்தான். அம்பிளாந்துறை, மண்முனைத்துறை என்று துறைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றுக்கும் தண்டவாளம் வரவில்லை.

இங்கேதான் சூத்திரத்தின் முதல் குறை தெரிகிறது. அது ஊரிலிருந்து தொடங்குவதில்லை, புதிரிலிருந்து தொடங்குகிறது. ஐந்து–மூன்று–மூன்று என்று பாதையைப் போட்ட பிறகு, அதற்கு எந்த ஊரின் சட்டையைப் போடலாம் என்று தேடுகிறார்கள். லிவர்ப்பூலுக்கு அந்தச் சட்டை அளவெடுத்துத் தைத்தது. அங்கே மேர்சி ஆற்றின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒன்பது மீற்றர் வரை வித்தியாசம் வரும். உயர்ந்த கற்சுவர்களும் தண்ணீரை அடைத்து வைக்கும் கதவுகளும் அதனால் வந்தவை. மொடல் பலகையின் முன்விளிம்பில் செங்குத்தாக இறங்கும் அந்தச் சுவர்தான் காட்சிக்கு அழகு. நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. வாவியின் மட்டத்தை ஏற்றி இறக்குவது மாரிமழையும், முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கிறதா வெட்டப்பட்டிருக்கிறதா என்பதுமே. கரை என்பது சுவரல்ல. சேறு, கண்டல், சாய்ந்து இறங்கும் மணல். அங்கே கற்சுவரை எழுப்பினால் பார்த்த மாத்திரத்தில் ஊர்க்காரன் சிரிப்பான்.

இரண்டாவது குறை கணக்கில் உள்ளது, ஆனால் அதற்குள்ளேயே ஒரு பரிசும் இருக்கிறது. கடையில் கிடைக்கும் 'டபிள் ஓ' தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். அந்த அளவுகோலில் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர். இலங்கையின் அகலப்பாதை ஐந்தரை அடி, ஆகவே 22 மில்லிமீற்றர் வேண்டும். வாங்கிய தண்டவாளத்தில் நம் பெட்டியை ஏற்றினால் ஒல்லிக்காலில் நிற்கும் குண்டன்போல் இருக்கும். அடிக்கு 3 மில்லிமீற்றர் என்ற, இப்போது கொஞ்சப் பேரே கையாளும் அளவுகோலுக்கு மாறிப் பாருங்கள்: ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் அச்சொட்டாக 16.5! பெட்டியும் எஞ்சினும் அந்த அளவில் கடையில் கிடைக்காது என்பது உண்மை. இலங்கைப் பெட்டிகளை எந்த அளவிலும் கையால்தான் செய்யவேண்டும், அதனால் நமக்கு நட்டமில்லை.

வளைவு மட்டும் மன்னிக்காது. விளையாட்டுப் பெட்டியோடு வரும் வளைவு ஒன்றின் ஆரை 438 மில்லிமீற்றர். நம் மலைநாட்டுப் பாதையின் மிக இறுக்கமான வளைவே ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி. அது 3 மில்லிமீற்றர் கணக்கில் 990. துறைமுக மொடலின் உயிரான இறுக்க வளைவு குட்டை வாகன்களுக்கானது. போகிப் பெட்டிகள் ஓடும் சமதரை ஊரில் அதைப் போடுவது பொய்.

'வந்திருந்தால் எப்படி' என்ற கற்பனை மொடலும் இந்தக் கலையில் மதிப்புள்ள வகைதான். பாலத்தைத் தாண்டிப் புளியந்தீவுக் கரைவரை ஒரு கிளைப்பாதை போயிருந்தால்? நான் எதிர்க்கமாட்டேன், ஒரு கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: அந்த வாகனில் என்ன ஏறும்? படுவான்கரை நெல், கொப்பரா, கருவாடு, விறகு. எதிர்த்திசையில் மண்ணெண்ணெயும் சீமெந்தும். இவை எந்தத் தோணியிலிருந்து இறங்குகின்றன என்று சொல்ல முடிந்தால் கற்பனை நிற்கும். வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தின் மேல் ரயிலை ஓட்டுவது வேறு கதை. இரும்புச் சட்டங்களைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், ஆனால் அது என்றைக்கும் தெருப்பாலம். ரயிலும் தெருவும் உண்மையாகவே ஒரே பாலத்தைப் பகிர்ந்த இடம் வேண்டுமென்றால் ஓட்டமாவடிக்குப் போங்கள். புதிய தெருப்பாலம் வரும்வரை லொறியும் கோச்சியும் முறைவைத்துப் போன பாலம் அது. பக்கத்திலேயே வாழைச்சேனை ஸ்டேஷன், காகித ஆலை, மீன்பிடிப் படகுகள். இந்தப் பகுதியில் துறைமுக மொடலுக்கு மிகக் கிட்டிய உண்மை அங்கேதான். இலங்கை முழுவதும் தேடலாம் என்றால் 1914இல் தொடங்கிய தலைமன்னார் இறங்குதுறையை எதுவும் வெல்லாது.

இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. துருவை அழகாகப் பூசுவது இந்த வகையின் பெருமை. புல் முளைத்த தண்டவாளம், உடைந்த கிட்டங்கி என்றால் கண்காட்சியில் கூட்டம் கூடும். போரால் மட்டக்களப்புக்குக் கோச்சி நின்று, 2003இல் திரும்பவும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தப் பாதையில் முளைத்த புல்லை அலங்காரமாக ஒட்ட என் கை வராது. அதற்காக எல்லோரும் 1950களுக்கே ஓடி ஒளிவதும் சரியென்று படவில்லை.

நான் வரைந்து வைத்திருக்கும் திட்டத்தில், ஆறடிப் பலகையின் கடைசி ஒன்றரை அடியில் தண்டவாளமே இல்லை. மேடை முடிகிறது, மாட்டுவண்டி நிற்கிறது, மண்பாதை ஒன்று கண்டலுக்குள் இறங்குகிறது. ஷண்டிங் புதிருக்கு அந்த இடம் வீண்தான். இங்கிள்நூக்கின் ஐந்து வாகன் பாதை மூன்றாகச் சுருங்கிவிட்டது. "கோச்சி ஏன் தண்ணி மட்டும் போகல்ல?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். இருபதடித் தோணி 3 மில்லிமீற்றர் கணக்கில் ஆறு சென்ரிமீற்றர். எஞ்சினுக்கு முன்னால் அதைத்தான் செதுக்கத் தொடங்கியிருக்கிறேன்.