இடையன்குடி தூய திரித்துவ ஆலயம்: ஒரு மதிப்பீடு

இடையன்குடி தூய திரித்துவ ஆலயம், திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் திசையன்விளைக்கு அருகில் உள்ள இடையன்குடி என்னும் சிற்றூரில் அமைந்த ஆங்கிலிக்கன் மரபு ஆலயமாகும். 1847-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1880 ஜூலை 6-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இதைக் கட்டியவர் பேராயர் ராபர்ட் கால்டுவெல். 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததாக உள்ளது.

வரலாறு

அயர்லாந்தில் 1814-இல் பிறந்த கால்டுவெல், இளமையில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்றவர். 1838-இல் சென்னைக்கு வந்தார். 1841-இல் எஸ்.பி.ஜி. எனப்படும் ஆங்கிலிக்கன் நற்செய்திக் கழகத்தில் சேர்ந்தார். சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், நீலகிரி, மதுரை வழியாகப் பெரும்பாலும் நடந்தே இடையன்குடியை அடைந்தார். அப்போது அது செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர். பனையேறிப் பிழைத்த மக்களே சபையில் மிகுதி. கால்டுவெல் நேரான அகன்ற தெருக்களை வகுத்து, மரம் நட்டு, ஊரைப் புதிதாக அமைத்தார். ஆலயப் பணி அதன் பிறகே தொடங்கியது.

பணி முடிய 33 ஆண்டுகள் ஆயின. அடிக்கல் நாட்டப்பட்டபோது பிறந்த குழந்தை, பிரதிஷ்டையின்போது நடுவயதை நெருங்கியிருக்கும். இடையில் 1856-இல் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வெளிவந்தது. 1875-இல் அதன் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1877-இல் கால்டுவெல் உதவிப் பேராயரானார். 1891 ஆகஸ்ட் 28-இல், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள கொடைக்கானலில் காலமானார். மலையிலிருந்து கொண்டுவரப்பட்ட உடல் இந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

கட்டடக்கலை

ஆலயம் கோதிக் பாணியைச் சேர்ந்தது. கூர்முனை வளைவுகள் கொண்ட சன்னல்களே இதன் முதன்மையான அடையாளம். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்பாணி புத்துயிர் பெற்றிருந்தது. கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரிய வடிவம் இதுவே என்று பலர் நம்பினர். அந்த நம்பிக்கை மிஷனரிகளோடு இங்கும் வந்தது.

தமிழகக் கோயில் கட்டட முறை தூணும் உத்தரமும் சார்ந்தது. பாரம் நேராகக் கீழே இறங்கும். வளைவில் அப்படியன்று. பாரம் பக்கவாட்டிலும் தள்ளும். சுவர் அதைத் தாங்க வேண்டும். வளைவு முடிந்து இறுகும்வரை அடியில் சாரம் நிற்க வேண்டும். ஆகவே இவ்வூர்க் கொத்தனார்களுக்கு இது புதிய வேலை. சன்னல்களின் மாதிரியைக் கால்டுவெல் தம் கையாலேயே களிமண்ணில் செய்து காட்டினார் என்று சொல்லப்படுகிறது. ஓவியம் பயின்றவர் என்பதால் இது நம்பத்தக்கதே. எனினும் அம்மாதிரியைப் பார்த்து முழு அளவில் கட்டி நிறுத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள். 'இங்கிலாந்தின் ஒரு துண்டு' என்று இவ்வாலயத்தைப் புகழ்வோர் இந்தப் பாதியை விட்டுவிடுகின்றனர்.

விமர்சனம்

இவ்வாலயம் குறித்து எழும் முதற்கேள்வி, மொழியில் கண்டதைக் கால்டுவெல் கட்டடத்தில் ஏன் காணவில்லை என்பது. தமிழ் முதலிய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக்குடும்பம் என்று நிறுவியவர் அவர். அதே ஊரில், அதே ஆண்டுகளில் எழுப்பிய ஆலயத்தில் தென்னாட்டுக் கட்டடக் கலைக்கு அவர் இடம் தரவில்லை. குளிர்நாட்டு மங்கலான ஒளிக்காக உருவான உயர்ந்த சன்னல், தேரிக்காட்டு வெயிலில் நிற்கிறது. கட்டடக்கலை நோக்கில் இது ஒரு குறையே.

ஆனால் குறை அத்துடன் முடிவதில்லை. அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் மக்களுக்குப் பெரிய கோயில்களில் நுழைய உரிமை இல்லை. கமுதிக் கோயில் வழக்கு 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அத்தகைய மக்களுக்குக் கோபுர வடிவம் மூடிய கதவையே நினைவூட்டியிருக்கும். முன்பின் அறியாத வடிவத்தில் எழுந்த ஆலயமோ அவர்கள் உள்ளே சென்று உட்காரக்கூடிய இடம். அயல்பாணி என்பதே அங்கு விடுதலையின் அடையாளமாகவும் இருந்திருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1849-இல், கட்டுமானத்தின் தொடக்க ஆண்டுகளில், கால்டுவெல் 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அம்மக்களை அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தவர்களாக அது சித்தரித்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும் கூறியது. நாடார் சமூகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுள் முக்கியமானவர் சட்டாம்பிள்ளை. அவர் 1857-இல் நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் ஆளுகை இல்லாத தனிச் சபையையே தொடங்கியவர். பின்னாளில் அந்நூல் திரும்பப் பெறப்பட்டது. அறிவு குறைந்தவர்கள் என்று எழுதப்பட்ட மக்களிடையேதான் 33 ஆண்டுகள் இக்கட்டடம் வளர்ந்தது. நூலுக்கு மறுப்பாக இக்கட்டடமே நிற்கிறது எனலாம்.

ஒப்பீடு

மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தை ஜான் தாமஸ் இதே காலத்தில் கோதிக் பாணியில் கட்டினார். அதன் 192 அடிக் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். மாறுதல் அடுத்த தலைமுறையில் வந்தது. மெஞ்ஞானபுரத்துக்கு அருகிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி. எஸ். அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரியில் பிரதிஷ்டையானது. அதில் இந்து, இஸ்லாமியக் கட்டட மரபுகள் கலந்துள்ளன. அதே ஆண்டு ஜூலையில்தான் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. கால்டுவெல் தேடாத உள்நாட்டு வடிவத்தை, தேரிக்காட்டில் பிறந்த ஒருவர் துணிந்து எடுத்துக்கொண்டார். வாசல் திறக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகே இவ்வடிவத்தை அச்சமின்றிக் கையாள முடிந்தது.

இன்றைய நிலை

கால்டுவெல் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011-இல் நினைவில்லமாக்கியது. அங்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒப்பிலக்கண ஆசிரியரின் ஊரைப் பார்க்கவே வருகின்றனர். ஆலயத்தை அந்நூலின் பின்னிணைப்பாக எண்ணாமல் தனியே படிக்க வேண்டும். வடிவம் அயர்லாந்துக்காரருடையது, கட்டி நிறுத்திய உழைப்பு தேரிக்காட்டு மக்களுடையது. நினைவுச் சின்னங்கள் முதலாமவருக்கு உரிய மரியாதையைத் தந்துவிட்டன. இரண்டாமவர்களுக்குரிய மரியாதை, அவ்வளைவுகளைக் கூர்ந்து பார்ப்பவரால்தான் கிடைக்க வேண்டும்.